மதிப்பீடு வயலுக்கு எப்போது வர வேண்டும்?

கேள்வி: எங்கள் உழவர் குழு புதிய நெல் சாகுபடி முறைகளைப் பரப்புகிறது. திட்டம் முடிந்த பிறகே மதிப்பீடு நடக்கிறது. ‘டிசைன் திங்கிங்’ இதற்கு உதவுமா?
- வாசகர், சீர்காழி

பதில்: நிச்சயம் உதவும். பயன்படுத்துபவரின் சிரமத்தை முதலில் கவனிப்பது, சிறிய அளவில் செய்து பார்ப்பது, திருத்தி மறுபடி செய்வது, இதுதான் டிசைன் திங்கிங். ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பீடு உடனிருக்க வேண்டும்.

திருந்திய நெல் சாகுபடியையே பாருங்கள். 1980களில் மடகாஸ்கரில் ஒரு பாதிரியார் உருவாக்கிய முறை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைக் காவிரி, தாமிரபரணிப் பகுதிகளில் உழவர்களின் வயல்களிலேயே சோதித்தது. விளைச்சல் கூடியது. ஆனால் விளைச்சலை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாகச் சதுரமாக நட, நடவாட்களுக்குப் பழக்கம் வேண்டும். களையெடுக்கும் கோனோ வீடர் கருவியைத் தள்ளுவது யார்? அவர் உடம்பு தாங்குகிறதா? களைபறிப்பில் கிடைத்த கூலியை இழந்த பெண்கள் என்ன செய்கிறார்கள்? அறுவடைக்குப் பிறகு கேட்டால் பதில் கிடைக்கும், பயன் கிடைக்காது.

உங்கள் ஊருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. வடிகால் சரியில்லாத கடைமடை வயலில், சம்பாவுக்கு ஒற்றை இளநாற்றைத் திணிப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தைச் சில வயல்களில் முயன்று பாருங்கள்.

நடுவில் முறையை மாற்றினால் அதைத் தோல்வியாகக் கணக்கிடக் கூடாதென நிதி தருபவரிடம் முன்பே பேசி முடியுங்கள். முதல் கூட்டத்துக்கே நடவுப் பெண்களையும் குத்தகைதாரர்களையும் கூப்பிடுங்கள்.