பொன்நெற்றிக் கடற்பிறீம் மீனும் அதன் வாழிடமும்

ஒரு மீனின் வாழிடம் யாது என வினவப்பட்டால் "கடல்" என ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர் பலர். அவ்விடைக்கு முழுப்புள்ளி கிடைக்காது. காரணத்தை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம்.

ஸ்பாரஸ் ஓராட்டா என்னும் விஞ்ஞானப் பெயருடைய இம்மீன் ஸ்பாரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலிலும், பிரித்தானியா தொடக்கம் செனகல் வரையான கிழக்கு அத்திலாந்திக் கரையோரங்களிலும் வாழ்கின்றது. கண்களுக்கிடையே பொன்னிறப் பட்டையும் பூமூடியருகே கரும்பொட்டும் காணப்படும். தாடையின் பின்புறப் பற்கள் கடைவாய்ப்பற்கள் போன்றவை. மட்டி, சிப்பி ஓடுகளை நொறுக்க ஏற்றவை. இசைவாக்கத்துக்கு உதாரணம் கேட்டால் இதனைத் தயங்காது எழுதுங்கள்.

இம்மீனுக்கு ஒரு வாழிடம் போதாது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை திறந்த கடலில் முட்டையிடும். குடம்பிகள் மிதந்து வளர்ந்து, இளவேனிலின் தொடக்கத்தில் குஞ்சுகளாகக் களப்புகளுக்குள் நுழையும். அங்கே உணவு மிகுதி. குளிர் நெருங்கும்போது மீண்டும் கடலுக்குச் செல்லும். ஆழங்குறைந்த களப்பு விரைவிற் குளிர்ந்துவிடும், ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் இம்மீன் இறந்துவிடும்.

களப்பு நீரின் உவர்ப்பு மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும். எகிப்தின் பர்டவில் களப்பு கடலை விட உவர்ப்புக் கூடியது. அங்கும் இம்மீன் பிடிக்கப்படுகின்றது. எவ்வாறு வாழ்கின்றது? உவர்ப்புக் கூடிய நீரில் உடல் நீரை இழக்கும். எனவே மீன் கடல்நீரைக் குடித்து, மிகை உப்பைப் பூக்களிலுள்ள குளோரைட்டுக் கலங்களால் வெளியேற்றும். உவர்ப்பு மிகக் குறைந்த நீரில் உடலினுள் நீர் புகும். எனவே ஐதான சிறுநீரை அதிகம் கழித்து, பூக்களால் உப்பை அகத்துறிஞ்சும். இவ்விரண்டையும் மாற்றி எழுதுவதே மாணவர் விடும் பொதுவான பிழை. நீர் செறிவு கூடிய கரைசலை நோக்கியே செல்லும் என்பதை நினைவிற் கொண்டால் குழப்பம் வராது.

கடலில் இதன் விருப்பமான இடங்களுள் ஒன்று பொசிடோனியா புற்றரை. பொசிடோனியா அல்கா அன்று, பூக்குந் தாவரம். வேர்த்தண்டுக்கிழங்கு ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளர்வதால், ஒரு நங்கூரம் கிழித்த இடம் மூடப் பல ஆண்டுகள் செல்லும். 2006ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி கடற்புற்றரைகளின் மேல் இழுவைவலை இழுப்பதைத் தடைசெய்தது. இலங்கையிலும் அடித்தள இழுவைவலைத் தொழில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டமை நீங்கள் அறிந்ததே.

மாதிரி வினா: இம்மீன் முதலிரு ஆண்டுகள் ஆணாக இருக்கும், 30 சென்ரிமீற்றரைத் தாண்டியபின் பெரும்பாலானவை பெண்ணாக மாறும். ஐரோப்பிய ஒன்றிய விதி 20 சென்ரிமீற்றரிலும் சிறிய மீன்களைப் பிடிப்பதை மட்டுமே தடுக்கின்றது. இதனால் எழக்கூடிய பிரச்சினை யாது?

விடை: 20 சென்ரிமீற்றர் மீன் பெரும்பாலும் ஆணாகும். அதனைப் பிடித்தல் சட்டப்படி குற்றமன்று. ஆனால் அது பெண்ணாகி முட்டையிட வாய்ப்பே பெறாது. பெரிய மீன்களையே தேடிப் பிடித்தாலும் பெண்களே முதலில் குறையும். "மீன்கள் குறையும்" என மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. பால்மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும்.