வெளிநாட்டுப் பணம் வாங்கினால் வெளிநாட்டு ஆளா?



எங்க தெருவில் மாலை நேரப் படிப்பு மையம் ஒன்று இருந்தது. எனக்கு வகுத்தல் கணக்கு வரவே வராது. அங்கே ஒரு அக்கா சொல்லித் தந்துதான் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மையத்தை மூடிட்டாங்க. "வெளிநாட்டுப் பணம் நின்னு போச்சு" என்றார்கள். "அவங்கல்லாம் வெளிநாட்டு ஏஜெண்டு" என்று ஒருவர் சொன்னார். எங்க ஆச்சி, "ஏட்டி, வகுத்தல் சொல்லிக் குடுத்த பிள்ளை எப்படி ஏஜெண்டு ஆகும்?" என்று கேட்டாங்க. அதற்குப் பதில் தேடி, டீச்சரிடமும் கேட்டு இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு நன்கொடை பற்றிய முதல் சட்டம் 1976இல் நெருக்கடி நிலையின்போது வந்தது. 2010இல் புதிய சட்டம் வந்தது. அதன்படி தொண்டு நிறுவனங்கள் மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு 5 ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வேட்பாளர், நீதிபதி, அரசு ஊழியர் போன்றவர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது.

2020 திருத்தம்:
1. பணம் முதலில் டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும்.
2. நிர்வாகச் செலவு 50 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.
3. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது.

எங்க மையம் பெரிய நிறுவனம் ஒன்று கொடுத்த பணத்தில்தான் நடந்ததாம். அதனால் மூன்றாவது விதிதான் எங்களைத் தொட்டது.

இரண்டு பக்கமும் பேசுவது

வெளிநாட்டுப் பணம் நம் அரசியலில் புகுந்துவிடக் கூடாது, பணம் கைமாறினால் கணக்குப் பார்ப்பது கஷ்டம் என்கிறது அரசு. சிறு அமைப்புகள் நசுங்கிவிடும், கேள்வி கேட்பவர்களை அடக்கவும் இது பயன்படும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். திருத்தம் செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே நீதிமன்றம் 2020 மார்ச்சில், கட்சி அரசியலில் சேராத அமைப்பு மக்களுக்காகப் போராடியது என்பதற்காக மட்டும் நன்கொடையைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

நம்ம பக்கத்துக் கதை

கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011இல் இடிந்தகரையில் போராட்டம் பெரிதானது. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், இதன் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். போராடியவர்கள் மறுத்தார்கள். அந்த உலையே ரஷ்ய நாட்டு உதவியோடு கட்டியதுதான்! மீனவர்களின் பயம் நியாயமா என்று பேசுவதை விட்டுவிட்டு, காசு யாருடையது என்றே நிறைய பேர் பேசினார்கள்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1938 முதலே 'வெளிநாட்டு முகவர்' பதிவுச் சட்டம் உண்டு. ரஷ்யாவில் 2012இல் வந்த சட்டம் தொண்டு அமைப்புகளுக்கே அந்தப் பெயரைச் சூட்டியது. 2024இல் ஜார்ஜியா நாட்டில் இதுபோன்ற சட்டத்தை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படிப் பெயர் வைக்கவில்லை. நாமதான் வைக்கிறோம்.

என் கருத்து

கணக்குக் கேட்பது சரி. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஊருக்கே சொல்லட்டும். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்து ஒருவரைத் துரோகி என்று சொல்லலாமா? அவங்க என்ன வேலை செஞ்சாங்க என்றும் பார்க்க வேண்டாமா? நண்பர்களே, உங்கள் பதிலை அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.

– 9ஆம் வகுப்பு மாணவி, வாசுதேவநல்லூர்