படம் வரவில்லையா? முதலில் சர்வரின் பதிலைப் படியுங்கள்

"என் லேப்டாப்ல வருது சார், லைவ்லதான் வரலை." வலைச் செயலிகளைப் பராமரிக்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. கேட்டதுமே பலர் நிரலைத் திறந்து மாற்றத் தொடங்கிவிடுவார்கள். அதில் நேரம்தான் போகும். பிரவுசர் எந்த முகவரியைக் கேட்டது, சர்வர் என்ன பதில் சொன்னது என்ற இரண்டையும் பார்த்த பிறகே நான் நிரலைத் தொடுவேன்.

எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் கேச்சை முடக்கிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வராத படத்தின் வரியில் ஓர் எண் இருக்கும். தேட வேண்டிய இடத்தை அதுவே காட்டும்.

404 என்றால், கேட்ட முகவரியில் கோப்பு இல்லை. முதலில் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். அடுத்து பாதை. சாய்கோடு இல்லாமல் தொடங்கும் பாதை முகப்பில் வேலை செய்துவிட்டு உள்பக்கங்களில் உடையும். ஜாங்கோவில் டீபக் அணைந்ததும், பயனர் ஏற்றிய படங்களை அது தானாகத் தராது; அந்தப் பொறுப்பை என்ஜின்எக்ஸ் போன்ற சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு டெப்ளாய்மென்ட்டுக்குப் பிறகும் பழைய படங்கள் காணாமல் போனால், அவை கன்டெய்னருக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன என்று சந்தேகியுங்கள். அவற்றுக்கு நிலையான வால்யூம் வேண்டும்.

403 என்றால் அனுமதி இல்லை. கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்பது வழக்கமான அமைப்பு. கோப்பு சரியாக இருந்தும், மேலே உள்ள ஏதாவது ஒரு கோப்புறை வழிவிடாவிட்டால் இதே பதில்தான் வரும். கிளவுட் சேமிப்பகம் தரும் கையொப்பமிட்ட இணைப்புகளுக்குக் காலக்கெடு உண்டு. அவற்றை டேட்டாபேஸில் எழுதி வைக்காமல், தேவைப்படும்போது புதிதாக உருவாக்குங்கள்.

200 வந்தும் படம் தெரியாததுதான் ஆளைச் சுற்றவைக்கும். அப்போது பதிலின் கன்டென்ட் டைப்பைப் பாருங்கள். அதில் எச்டிஎம்எல் என்று இருந்தால், இல்லாத படத்துக்குப் பதிலாக ரியாக்ட் செயலியின் முகப்புப் பக்கம் வந்திருக்கக்கூடும். வகை சரியென்றால் கோப்பையே சோதியுங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் பல ஐபோன்கள் இயல்பாகவே எச்இஐசி வடிவத்தில் படமெடுக்கின்றன. குரோம் அதைக் காட்டாது. பின்னொட்டை ஜேபிஜி என்று மாற்றினால் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது. ஏற்றும்போதே சர்வரில் வடிவத்தை மாற்றிவிடுங்கள்.

எண்ணே இல்லாமல் தடுக்கப்பட்டதாக இருந்தால் கன்சோலைப் படியுங்கள். உங்கள் தளத்தின் பாதுகாப்புக் கொள்கையில் அந்தப் படத் தளத்துக்கு அனுமதி இல்லையென்றால், அது அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 'கோவில்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். பெயரில் ஹேஷ் குறி இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள பகுதி சர்வருக்குப் போகவே போகாது. அதனால் ஏற்றப்படும் ஒவ்வொரு படத்துக்கும் செயலியே ஒரு தனி அடையாள எண்ணைப் பெயராகக் கொடுக்கட்டும். பயனர் வைத்த பெயர் டேட்டாபேஸில் இருக்கட்டும். இந்த ஒரு பழக்கம் பெயர் சார்ந்த சிக்கல்களை மொத்தமாகத் தவிர்த்துவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் மெதுவான இணைப்பில் யாரோ ஒருவருக்குப் படம் வராமல் போகும். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வழியாக அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். படத்தில் என்ன இருக்கிறது என்பதை மாற்று உரையில் முழுமையாக எழுதுங்கள். இருவருக்கும் அந்தப் படம் சொல்ல வந்த செய்தி போய்ச் சேரும்.