வளைவில் கிடைக்கும் விநாடிகள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? ஜவ்வாது மலைமேல் ஏறும் சாலையில் ஒரு கூர்மையான வளைவு வரும்போது ஓட்டுநரைக் கவனியுங்கள். அவர் உடனே ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடமாட்டார். வண்டியைச் சற்று வெளிப்பக்கம் கொண்டு சென்று, பிறகுதான் திருப்புவார். பேருந்தின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்பக்கமாகவே வரும். முன்னதாகத் திருப்பினால் அவை சாலை ஓரத்துக் கல்லில் ஏறிவிடும். அதுதான் காரணம்.

மோட்டார் பந்தய ஓட்டுநரும் வளைவுக்கு முன் வெளி ஓரத்துக்குத்தான் செல்கிறார். ஆனால் அவருடைய காரணம் வேறு. அவர் தேடுவது விநாடிகளை!

இன்று உங்களில் பலர் கணிப்பொறியில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறீர்கள். ஒரே கார், ஒரே பாதை. ஆயினும் ஒரு சுற்றை ஒருவர் நான்கு விநாடி முன்னதாக முடித்துவிடுகிறார். எப்படி? "அவன் வண்டியில் ஏதோ மாற்றி வைத்திருக்கிறான்" என்று சொல்வதுதான் வழக்கம். மாற்றியிருக்கலாம். ஆனால் நான்கு விநாடியில் மூன்றரை விநாடி அவருடைய கால்களிலும் கைகளிலும்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். கணிப்பொறியில் ஓட்டுவது வெறும் விளையாட்டுத்தானே, அதில் இயற்பியல் எங்கே வந்தது? நல்ல சிமுலேட்டர் என்பது நியூட்டனின் விதிகளை இடைவிடாது கணக்கிடும் ஓர் இயந்திரம். நான்கு டயர்களின் மேலும் எவ்வளவு விசை விழுகிறது, கார் அடுத்து எங்கே இருக்கும் என்று விநாடிக்குச் சில நூறு முறை அது கணக்குப் போடுகிறது. பந்தயப் பாதையின் மேடு பள்ளங்களை லேசர் கதிரால் அளந்து உள்ளே பதிந்து வைத்திருக்கும் சிமுலேட்டர்களும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ என்ற இளைஞர் 2011-ல் இப்படிப்பட்ட கணிப்பொறிப் போட்டி ஒன்றின் வழியாகத் தேர்வு பெற்று, 2013-ல் பிரான்ஸில் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் உண்மையான காரை ஓட்டி, தம் அணியினருடன் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். கணக்கு சரியாக இருந்ததால்தான் இது முடிந்தது.

இனி வளைவுக்கு வருவோம். ஒரு பொருள் வட்டப் பாதையில் செல்ல மையநோக்கு விசை தேவை என்று படித்திருக்கிறீர்கள். காருக்கு அந்த விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே. உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வளைவில் செல்லும் வேகத்துக்கும் எல்லை உண்டு. உராய்வுக் குணகம், ஈர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அந்த எல்லை கிடைக்கும். இதில் காரின் நிறை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்!

உராய்வுக் குணகம் 0.8, ஈர்ப்பு முடுக்கம் 9.8 எனக் கொள்வோம். பெருக்கினால் 7.84, அதன் வர்க்கமூலம் 2.8. எனவே ஆரத்தின் வர்க்கமூலத்தை 2.8-ஆல் பெருக்கினால் போதும். கணக்கு எளிதாகிவிட்டது.

இப்போது ஒரு தாளில் செங்கோணமாகத் திரும்பும் ஒரு பாதையை வரையுங்கள். அதன் உள் ஓரத்தின் ஆரம் 16 மீட்டர், வெளி ஓரத்தின் ஆரம் 24 மீட்டர். உள் ஓரத்தை ஒட்டியே செல்பவர் விநாடிக்கு 11.2 மீட்டர், அதாவது மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போக முடியாது. வெளி ஓரத்தை ஒட்டியே செல்பவருக்கு 49 கி.மீ. கிடைக்கும். மூன்றாமவர் ஒருவர் வருகிறார். அவர் வெளி ஓரத்தில் தொடங்கி, வளைவின் நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு வருகிறார். அவர் செல்லும் வில்லின் ஆரம் என்ன தெரியுமா? 43.3 மீட்டர்! வடிவியல் தெரிந்தவர்கள் தாங்களே கண்டுபிடிக்கலாம். அவருடைய வேகம் மணிக்கு 66 கி.மீ.

மூவரும் ஒரே கோட்டில் தொடங்கி ஒரே கோட்டில் முடிப்பதாகவும், ஒவ்வொருவரும் தம் எல்லை வேகத்திலேயே செல்வதாகவும் வைத்துக்கொண்டு நேரத்தைக் கணக்கிடுவோம். உள் ஓரத்தை ஒட்டியவர் சென்ற தூரம் சுமார் 64 மீட்டர். பிடித்த நேரம் 5.7 விநாடி. மூன்றாமவர் சென்ற தூரம் 68 மீட்டர், நேரம் 3.7 விநாடி. நான்கு மீட்டர் அதிகமாகச் சென்றும் இரண்டு விநாடி மிச்சம்! உண்மையில் முதலாமவர் நேர்ப்பகுதியில் கொஞ்சம் வேகமெடுப்பார், அதனால் வித்தியாசம் சற்றுக் குறையும். ஆனாலும் வளைவை விட்டு வெளியே வரும்போது மூன்றாமவரிடம் 66 கி.மீ. வேகம் கையில் இருக்கிறது. அடுத்து வரும் நேர்ப்பாதை முழுவதும் அது அவருக்குக் கைகொடுக்கும்.

சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயப் பாதையின் நீளம் 3.717 கி.மீ.; அதில் 12 வளைவுகள். வளைவுக்குக் கால் விநாடி மிச்சம் பிடித்தால் ஒரு சுற்றில் மூன்று விநாடி ஆகிறது அல்லவா?

அப்படியானால் எல்லோரும் இந்தக் கோட்டிலேயே போகலாமே, என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் பிரேக்கில் இருக்கிறது. விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருபவர் 18.4 மீட்டராகக் குறைக்க, இதே உராய்வைக் கொண்டு, 80 மீட்டர் தூரம் வேண்டும். வீரத்தைக் காட்ட நினைத்து ஐந்து மீட்டர் தாமதமாகப் பிரேக்கை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டிய இடத்தில் அவர் வேகம் 20.4 மீட்டர். அந்த வேகத்துக்கு 53 மீட்டர் ஆரம் தேவை. பாதை தருவதோ 43 மீட்டர்தான். கார் வெளியே போய்ப் புல்லில் நிற்கும். மெதுவாக நுழைந்து வேகமாக வெளியேறு என்று பந்தயப் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

திரும்பிக்கொண்டே பிரேக் போட முடியாதா? முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு. டயரின் பிடிப்பு ஒரே முதல். அதைத்தான் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கிட வேண்டும். பங்கிடும் முறை கூட்டல் கழித்தல் அன்று. நீங்கள் அறிந்த பிதாகரஸ் தேற்றம்! இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை அல்லவா? பிடிப்பில் 60 சதவீதத்தைப் பிரேக்குக்குச் செலவிட்டால் திரும்புவதற்கு 40 அன்று, 80 சதவீதம் கிடைக்கும். மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம்தான். தேர்ந்த ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறார். பிடிப்பு வீணாவதே இல்லை. புதியவரோ பிரேக்கைச் சட்டென்று விட்டுவிட்டு, ஒரு கணம் எதுவும் செய்யாமல் உருண்டு, பிறகு திருப்புகிறார். அந்த ஒரு கணத்தில்தான் விநாடியின் பின்னங்கள் கரைகின்றன.

காரைச் சரிசெய்து அமைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 1,200 கிலோ கார் ஒன்று இதே உராய்வின் எல்லையில் பிரேக் போடுகிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், முன்பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர். அப்போது 192 கிலோ எடை பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது. 600க்கு 600 என்றிருந்தது 792க்கு 408 ஆகிவிட்டது! வளைவில் இதேபோல உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறும். பேருந்தில் நீங்கள் வெளிப்பக்கம் சாய்கிறீர்களே, அதே கதைதான்.

மாறினால் என்ன, மொத்த எடை அப்படியேதானே இருக்கிறது என்று தோன்றும். இங்கேதான் ரப்பர் நம் பாடப்புத்தகத்தை மீறுகிறது. உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்தோம். டயரில் எடை கூடக்கூடப் பிடிப்பு கூடுகிறது, ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. 300 கிலோ சுமந்த இரு டயர்களின் பிடிப்பு 300, 300 எனக் கொண்டால், அவை 400, 200 என்று சுமக்கும்போது பிடிப்பு 380, 205 என்பதுபோல் ஆகிவிடும். மொத்தத்தில் நஷ்டம். எனவே எந்த அச்சில் எடை அதிகமாகப் பக்கம் மாறுகிறதோ அந்த அச்சு முதலில் வழுக்கும். முன் அச்சின் சாய்வுத் தடுப்புக் கம்பியை விறைப்பாக்கினால் முன்சக்கரங்கள் வழுக்கி, கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும், இது அண்டர்ஸ்டீர். பின்னே விறைப்பாக்கினால் காரின் வால் வெளியே வீசும், இது ஓவர்ஸ்டீர். சிமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தில் காணும் ஸ்பிரிங், கம்பி, டயர்க் காற்றழுத்தம், பிரேக் பங்கீடு எல்லாம், எந்த டயர் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று பேரம் பேசும் வழிகளே.

இதைச் சோதிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எதையும் மாற்றாமல் பத்துச் சுற்று ஓட்டி நேரங்களை எழுதுங்கள். அவை ஒன்றுக்கொன்று இரண்டு விநாடி வேறுபட்டால், அமைப்பைத் தொட வேண்டாம். அரை விநாடி லாபம் தரும் மாற்றம் அந்தச் சிதறலில் கண்ணுக்கே தெரியாது. சிதறல் கால் விநாடிக்குள் வந்த பிறகு ஒன்றே ஒன்றை மாற்றி மீண்டும் பத்துச் சுற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

சிமுலேட்டரில் கார் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். 2015-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் மார்டன்பரோவின் கார் ஒரு மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார்.

நம் மலைச்சாலைக்குத் திரும்புவோம். பந்தயக் கோட்டுக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். இடப்பக்க வளைவில் அது எதிரே வருபவரின் பாதியில்தான் தொடங்குகிறது, அங்கேதான் முடிகிறது. நம் பாதியில் மட்டும் சென்றால், அதாவது 16 முதல் 20 மீட்டர் ஆரத்துக்குள், கிடைக்கும் எல்லை வேகம் மணிக்கு 55 கி.மீ.; மழை பெய்து உராய்வுக் குணகம் 0.4 ஆகிவிட்டால் 39 கி.மீ. அந்த எல்லையில் செல்பவரின் பிடிப்பு முழுவதும் திரும்புவதற்கே செலவாகிவிட்டது. பாறைக்கு அப்பால் ஆட்டு மந்தை நின்றால் பிரேக்குக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பேருந்து ஓட்டுநரோ 20 மீட்டர் ஆரமுள்ள காய்ந்த வளைவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறார். அவர் திரும்பச் செலவிடுவது பிடிப்பில் 20 சதவீதம். பிரேக்குக்கு எவ்வளவு மிச்சம்? பிதாகரஸின்படி கணக்கிட்டுப் பாருங்கள்: 98 சதவீதம்.