ஓருயிர்க்கு ஒரு பெயர்

நுழையும்முன்

ஒரு சொல் பல பொருள் தருவதும், ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வழங்குவதும் மொழிக்கு வளம் சேர்ப்பன. அவ்வளமே அறிவியலில் இடராகவும் மாறும். உயிரினங்களுக்குப் பெயரிடும் துறையின் கலைச்சொற்கள் அவ்விடரை எவ்வாறு தடுக்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பெயர் மயக்கம்

'வேழம்' என்னும் சொல் யானையைக் குறிக்கும், கரும்பையும் குறிக்கும். செய்யுளில் இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். ஆனால், மூலிகைப் பொடி நிறைந்த பையின்மேல் எழுதப்பட்ட பெயருக்கு இடம் துணைசெய்வதில்லை. பொடியாகிய சரக்கில் இலையும் பூவும் காயும் புலப்படா. அங்குப் பெயர் ஒன்றே சான்று.

1990களின் தொடக்கத்தில், பெல்ஜியம் நாட்டின் பிரசெல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கும் மருந்தில் சீன மூலிகைப் பொடி சேர்க்கப்பட்டது. சேர்க்க எண்ணியது 'ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா' என்னும் தாவரம். பொடியில் இருந்ததோ 'அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி'. இரண்டின் சீனப் பெயர்களிலும் 'ஃபாங்ஜி' என்னும் சொல் உண்டு. இம்மயக்கத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் நிலை ஏற்பட்டது. 1993இல் இக்கேடு மருத்துவ இதழ் வாயிலாக உலகிற்குத் தெரியவந்தது.

இருசொற் பெயர்

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' என்னும் நூலில் தாவரங்களுக்கு இருசொற் பெயர்களை முறையாக வழங்கினார். 1758இல் வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கும் அவ்வாறே பெயரிட்டார். இவ்விரு நூல்களே இன்றைய பெயரீட்டு விதிகளுக்குத் தொடக்க எல்லைகளாகும்.

'சாரைப்பாம்பு' என்னும் இருபெயரொட்டுப் பண்புத்தொகையில் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும். அறிவியற் பெயரில் இம்முறை மாறி அமையும். பொதுமை காட்டும் பேரினப் பெயர் முன்னும், சிறப்பிக்கும் சிற்றினச் சொல் பின்னும் வரும்.

நெருங்கிய உறவுடைய சிற்றினங்கள் சேர்ந்து பேரினம் ஆகும். பேரினங்கள் சேர்ந்து குடும்பமும், அதற்குமேல் வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என்னும் படிநிலைகளும் அமையும். தாவரவியலில் தொகுதியைப் பிரிவு என்றும் வழங்குவர். இப்படிநிலை உறவையும் உணர்த்தும். ஸ்டெபானியா, நம் சீந்தில் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அரிஸ்டோலோக்கியாவோ, தமிழகத்தின் ஆடுதீண்டாப்பாளை அடங்கிய பேரினம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இப்பேரினத் தாவரங்களில் பரவலாகக் காணப்படுகிறது. ஆதலின், பேரினப் பெயரை அறிந்தவர் அதன் உறவுத் தாவரங்களைப் பற்றியும் எச்சரிக்கை அடைவார்.

புங்கமரத்தின் பெயர்கள்

அறிவியலிலும் ஓர் உயிரினத்திற்குப் பல பெயர்கள் சூட்டப்படுவதுண்டு. புங்கமரத்தை லின்னேயஸ் 1753இல் 'சைட்டிசஸ் பின்னேட்டஸ்' என்று அழைத்தார். 'பின்னேட்டஸ்' என்பது சிறகு போன்ற கூட்டிலையைச் சுட்டும். 1803இல் வென்டனேட் என்பவர் அதே மரத்திற்குப் 'பொங்கேமியா கிளாப்ரா' என்னும் பெயரைச் சூட்டினார். மரம் ஒன்றாக இருக்க, பெயர் இரண்டாயின.

இந்நிலையில் 'முந்துரிமை விதி' முடிவு கூறும். விதிப்படி முதலில் வெளியிடப்பட்ட சிற்றினச் சொல்லே நிலைபெறும். எனவே, லின்னேயஸின் சொல் பொங்கேமியா என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டு, 'பொங்கேமியா பின்னேட்டா' ஆயிற்று. 'கிளாப்ரா' ஒத்த பெயராக ஒதுக்கப்பட்டது. எழுவாயின் பாலுக்கேற்பப் பயனிலையின் ஈறு மாறுவதைப் போல, பேரினப் பெயரின் பாலுக்கேற்பப் 'பின்னேட்டஸ்' என்பது 'பின்னேட்டா' எனத் திரிந்தது.

'பொங்கேமியா' என்னும் பெயரில் 'புங்கம்' என்னும் சொல் ஒலிப்பதைக் காணலாம். இம்மரத்தை 'மில்லெட்டியா' பேரினத்தில் சேர்ப்போரும் உளர். அவர்களும் 'பின்னேட்டா' என்னும் சொல்லையே போற்றுவர். உறவு பற்றிய கருத்து மாறினும், முதற்பெயரின் உரிமை மாறுவதில்லை.

வகைமாதிரி

பெயரைப் பொருளோடு பிணைப்பது 'வகைமாதிரி' ஆகும். புதிய தாவரத்திற்குப் பெயரிடுவோர், உலர்த்தித் தாளில் ஒட்டிய மாதிரி ஒன்றைச் சான்றாகக் காப்பகத்தில் வைப்பர். பின்னாளில் ஐயம் எழுந்தால் அதனோடு ஒப்பிட்டுத் தெளியலாம். கோயம்புத்தூரில், இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இத்தகைய உலர்தாவரக் காப்பகம் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் புல்வகையாகும்.

பெயரின் பொறுப்பு

ஊர்வழக்குப் பெயர்கள் மக்களின் பட்டறிவைச் சுமப்பவை. அவற்றை அறிவியற் பெயர் அழிப்பதில்லை. அவற்றின் அருகில் நின்று ஐயம் நீக்குகிறது. மூலிகையின் ஊர்ப்பெயரோடு அறிவியற் பெயரையும் எழுதுவது, அதனை உண்போரின் உயிரைக் காக்கும் பொறுப்பாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஒரே பெயரால் வழங்கும் இரு வேறு தாவரங்களைக் கண்டறிந்து, அவற்றின் வேறுபாடுகளைப் பட்டியலிடுக.
2. பள்ளி வளாகத்து மரங்களின் ஊர்ப்பெயர், அறிவியற் பெயர், குடும்பம் ஆகியவற்றைத் தாவரவியல் ஆசிரியர் துணையுடன் பெயர்ப்பலகைகளில் எழுதி வைக்க.