துணைக்கு யார் வந்திருக்காங்க?

தர்மபுரி மாவட்டத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் சிட்லிங்கி. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. அந்த நிலையை மாற்றியதில் பெரும்பங்கு, அவர்கள் பயிற்சி கொடுத்து நர்ஸுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கிய உள்ளூர்ப் பெண்களுடையது.

தர்ம வைத்தியசாலையில் தொண்டு செய்யக் கிளம்புகிறவர் இதிலிருந்தே தொடங்கலாம். ஊசி போட, மருந்து கொடுக்க அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். குறை வேறு இடத்தில். கண்புரை முற்றிய ஒரு கைம்பெண்ணை ஆபரேஷனுக்குச் சேர்க்கச் சொன்னால், வார்டில் கேட்கும் முதல் கேள்வியே "துணைக்கு யார் வந்திருக்காங்க?" என்பதுதான். கணவர் இல்லை, மகன் பெங்களூரில் கட்டட வேலை, மகள் திருப்பூரில். "அப்புறமா வர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார் ஆயா. அந்தத் துணை ஆள்தான் தொண்டர்.

போவதற்கு முன் எழுதியோ பேசியோ கேட்டுக்கொள்வது முறை. எந்தக் கிழமை புறநோயாளிகள் அதிகம், எத்தனை மாதம் வரமுடியும், தெலுங்கோ கன்னடமோ தெரியுமா என்பதையெல்லாம் முன்பே பேசிவிட வேண்டும். ஒரே வாரத்தில் தினமும் வந்துவிட்டுக் காணாமல் போகிறவரைவிட, மாதம் ஒரு நாள் ஆறு மாதம் தவறாமல் வருகிறவர் பயன்படுவார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாதா மாதம் பார்க்க வேண்டிய நோய்கள்.

முதல் நாள் உட்கார வேண்டிய இடம் சீட்டு பதியும் மேஜை. அங்கே ஒரு சங்கடம் காத்திருக்கும். ஓ.பி. சீட்டில் 'தந்தை / கணவர் பெயர்' என்று ஒரு கட்டம். பின்னால் இருபது பேர் நிற்க, "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று உரக்கக் கேட்டால் கணவரை இழந்த பெண் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தலை குனிவார். அப்பா பெயரைக் கேட்டு எழுதிவிட்டால் தீர்ந்தது. 'விதவையர் மருத்துவ முகாம்' என்று பேனர் கட்டும் ஆசையும் வேண்டாம். பெண்கள் நல முகாம் என்றால் எல்லோரும் வருவார்கள், வரவேண்டியவர்களும் வருவார்கள்.

அடுத்து பி.பி. பார்ப்பது. பஸ் இறங்கி வேகமாக நடந்து வந்தவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் அளவு எகிறும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கால் தரையில் படிய, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். ரவிக்கைக் கை மேல் சுற்றக் கூடாது. மெலிந்த கைக்குச் சிறிய பட்டை கேட்டு வாங்கவேண்டும். பெரியது சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும்.

மருந்து விஷயத்தில் "ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடறேன்" என்ற பதில்தான் வரும். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணிப் பார்ப்பதே வழி. இரண்டு மாதம் வரட்டும் என்று பாதி பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு உறையில் சூரியனும் பிறையும் வரைந்து கொடுக்கலாம். மாதா மாதம் வரமுடியாதவர்களை 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், மாத்திரை வீட்டுக்கே வரும்.

இடுப்பு வலி, மூட்டுப் பிடிப்பு என்று வருகிறவர்களிடம் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைப்பது இந்த மாவட்டத்தில் அவசியம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படிவதோடு எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தாலும், போர் தண்ணீரில் சமைக்கும் பழக்கம் போகாத வீடுகள் இருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டதா என்பதையும் பெண் தொண்டர் தனியே அழைத்துக் கேட்க வேண்டும், பட்டிருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். "இந்த வயசுல எதுக்கு" என்று மறைத்துவிடும் விஷயம் அது. கருப்பைப் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

காகித வேலையும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1.20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வருமானமுள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. பஸ்ஸுக்கும் பத்தியச் சாப்பாட்டுக்கும் அந்தப் பணம்தான். பல விண்ணப்பங்கள் முட்டி நிற்பது கணவரின் இறப்புச் சான்றிதழில். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருந்தால் சிக்கலில்லை; ஓராண்டு தாண்டினால் அதிகாரியின் ஆணை வாங்க அலைய வேண்டும். சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இ-சேவை மையத்துக்குக் கூடவே போவது நல்லது.

தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் துணையாகப் போகும் நாளில் பழைய சீட்டுகள், காப்பீட்டு அட்டை, மாற்றுப் புடவை, தண்ணீர் பாட்டில், ஊர் திரும்பும் கடைசி பஸ் நேரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை அங்கேயே தமிழில் எழுதி, ஆயாவுக்கு ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். ஆபரேஷனுக்குக் கைநாட்டு வைப்பது அவர் முடிவு. தொண்டர் அவசரப்படுத்தக் கூடாது, தன் பெயரை உறவினர் என்று எழுதவும் கூடாது.

தொண்டு முடிந்து கிளம்புகிறவர், யார் யாருக்கு அடுத்த தேதி என்ன, எந்த மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று எழுதிய நோட்டைக் கிராம நர்ஸம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.