நிப்பிள் மேலே இருக்கட்டும்

கூலாயில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கெனோப்பியும் நாற்காலிகளும் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்கூடாய் நெடுஞ்சாலையை விட்டுத் தம்போய்க்குள் நுழையும் சிக்னலில் நின்றபோது கருகிய வாடை வந்தது. முன்னால் நின்ற லோரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கி முன்பக்கம் சுற்றி வந்தபோதுதான் இடது சக்கரத்திலிருந்து அடுப்பு வாய் போல அனல் அடித்தது. வலது சக்கரம் வெறும் வெதுவெதுப்பு. உட்கார்ந்து பார்த்தால் இடது ரிம் முழுக்கக் கரும்பொடி.

என் ஹைலக்ஸ் 2007-ஆம் ஆண்டு வண்டி, 2.5 டீசல், ஃபோர் வீல். கடல்காற்று, அடிக்கடி மழை, தோட்டத்துச் செம்மண் சேறு எல்லாம் பட்டு உழைத்த வண்டி. அத்தனை வருடத்தில் பேட் மாற்றியிருக்கிறேனே தவிர, கேலிப்பரை ஒருநாளும் கழற்றிச் சுத்தம் செய்ததில்லை. போகும்போது பின்னால் கெனோப்பி இரும்பையும், உள்ளே இரண்டு பையன்களையும் வைத்துக்கொண்டு அப்படி ஓட்டியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

மறுநாள் நேராக ஸ்பேர்பார்ட் கடைக்குப் போய், "ஹைலக்ஸ் முன் கேலிப்பர், இடது பக்கம்" என்று கேட்டேன். அங்கேதான் முதல் தவறு. பழையது ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியதைத் தேடக்கூடாது. அதை எனக்குப் புரியவைத்தவர் தம்போய் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் போமன் அண்ணன். வண்டியை ஜேக்கில் தூக்கி, சக்கரத்தை என்னையே சுற்றச் சொன்னார். அசைய மறுத்தது.

"தம்பி, இப்ப நிப்பிளைக் கொஞ்சம் லூஸ் பண்றேன். திரும்பச் சுத்துங்க."

கேலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளை அவர் கால் சுற்று திறந்ததும் எண்ணெய் பீய்ச்சியடித்தது. சக்கரம் பாதி இளகியது, ஆனால் முழுதாக விடவில்லை. "ரெண்டு வியாதி இருக்கு," என்றார். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் மேலே எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பிரேக் ஹோஸ்தான். வெளியே புதிதுபோல இருக்கும். உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கும். காலால் மிதிக்கும் பலத்தில் எண்ணெய் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது. திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ பேட் பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. என் வண்டியில் இரண்டுமே இருந்தன. அன்று கேலிப்பரை மட்டும் மாற்றியிருந்தால், அடுத்த மாதம் புதியதும் அதே மாதிரி சுட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். ஓட்டும்போதே வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், எதிர்ப்பக்கத்து பிஸ்டன் வேலை செய்யாமல் இருக்கலாம். டயரில் காற்று குறைவு, அலைன்மென்ட் எல்லாம் பார்த்த பிறகே இதைச் சொல்ல முடியும்.

இனி என்ன வாங்குவது? ஒரிஜினல் புதியது, வேறு கம்பெனிப் புதியது, பழைய வண்டியில் கழற்றியது, நம்முடையதையே கிட் போட்டுப் புதுப்பிப்பது என்று வழிகள் இருந்தன. என் கண்ணில் பட்டது கழற்றியதுதான். விலை அவ்வளவு இறக்கம். "ஜப்பான் ஹாஃப்கட், நல்ல ஜாமான்" என்றார் ஒரு விற்பனையாளர், ஜப்பானில் ஓடிய வண்டியை அறுத்துக் கொண்டுவந்த பாகம் என்ற அர்த்தத்தில். நம்பி வாங்கினேன்.

அந்தப் பேச்சை இன்று யாரிடமும் நம்பமாட்டேன். வீகோ என்று சொல்லும் இந்தத் தலைமுறை ஹைலக்ஸ் 2004-இல் தாய்லாந்தில் அறிமுகமானது. அந்த ஆண்டோடு ஜப்பானில் ஹைலக்ஸ் விற்பனை நின்றது. 2017-இல்தான், அதுவும் தாய்லாந்தில் செய்த அடுத்த தலைமுறையாகத் திரும்பிப் போனது. ஆக, ஜப்பானில் ஓடிய வீகோவை அறுத்து வந்த கேலிப்பர் என்பதற்கு வழியே இல்லை. நம் பக்கத்தில் கிடைக்கும் பழையது பெரும்பாலும் விபத்திலோ வெள்ளத்திலோ மாட்டிய வண்டியிலிருந்து வந்தது. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் மூழ்கியதை நாம் பார்த்தோம். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் மறுபடி வெள்ளம். சேற்றுத் தண்ணீரில் பல நாள் கிடந்த பிஸ்டனை மேலே கறுப்பு பெயின்ட் அடித்து விற்றால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டஸ்ட் பூட்டை விரலால் விலக்கி உள்ளே பார்க்க வேண்டும்.

நான் வாங்கி வந்ததைப் போமன் அண்ணன் பட்டறை மேசையில் வைத்து, வண்டியில் மாட்டுவது போலத் தூக்கிப் பிடித்தார். நிப்பிள் கீழே பார்த்தது. அது வலது பக்கத்துக் கேலிப்பர். காற்று எப்போதும் மேலே ஏறும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை முறை மிதித்து எடுத்தாலும் உச்சியில் ஒரு குமிழி தங்கிவிடும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். எங்கே வாங்கினாலும் அந்த ஒரு சோதனையைக் கடை மேசையிலேயே செய்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் வாய்ச்சொல் உதவாது. ஹைலக்ஸ் என்று ஒரே பேர் இருந்தாலும், டூ வீலுக்கும் ஃபோர் வீலுக்கும் முன் கேலிப்பர் வேறாக இருக்கலாம். ஃபோர் வீலில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு பிஸ்டன், கேலிப்பர் அசையாமல் நிற்கும். பல டூ வீல் வண்டிகளில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும், கேலிப்பர் பின்னில் நகரும். வருடம் மாறினால் டிஸ்க்கின் அளவும் மாறலாம். வண்டி அட்டையில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழையதையும் கையோடு கொண்டுபோய், உடம்பில் வார்த்திருக்கும் எழுத்தையும் போல்ட் துளை இடைவெளியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய கேலிப்பர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். ரிம்முக்குள் இடம் இருக்கிறதா, டிஸ்க்கின் தடிமன் ஒத்துவருகிறதா, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிரேக் பங்கு குலையுமா என்று பார்க்காமல் அதில் கைவைக்க வேண்டாம். பாரம் ஏற்றும் வண்டிக்குப் பின் டிரம்மைச் சரியாக அட்ஜஸ்ட் செய்வதே பாதி வைத்தியம்.

கடைசியில் நான் என் கேலிப்பரையே புதுப்பித்தேன், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பிடிப்பு சமமாக இராது. உடம்பு நன்றாக இருந்தது. கெட்டது பிஸ்டனும் ரப்பரும்தான். அண்ணன் காற்றுக் குழாய் வைத்து பிஸ்டனை வெளியே தள்ளினார், எதிரே ஒரு மரத்துண்டைக் கொடுத்து. அந்த இடத்தில் விரலை வைத்தால் விரல் போய்விடும். வந்த பிஸ்டனின் மேல் நகத்தை ஓட்டச் சொன்னார். இரண்டு இடத்தில் நகம் தடுக்கியது. குரோம் உரிந்து குழி விழுந்திருந்தது. சீல் உரசும் இடத்தில் அப்படிக் குழி இருந்தால் புது சீல் போட்டும் கசியும். அதனால் பிஸ்டனும் புதிது.

சீலைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பிரேக் மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போகும், இந்த வளையம் கொஞ்சம் முறுகும். காலை எடுத்ததும் முறுக்கு நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னே இழுக்கும். பேட் டிஸ்க்கை விடுவது அந்த மயிரிழையில்தான். தனியாக ஸ்பிரிங் எதுவும் பிஸ்டனை இழுப்பதில்லை. என் பழைய சீல் காய்ந்த தேங்காய்ச் சில்லு மாதிரி விறைத்திருந்தது. அதற்கு இழுக்கத் தெம்பு ஏது?

கிட் போடும்போது சாதாரண கிரீஸைத் தடவாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும். பிரேக் எண்ணெயோ, ரப்பருக்கென்றே விற்கும் கிரீஸோ போதும். அசையாத கேலிப்பரின் இரு பாதிகளையும் சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றவே கூடாது. கேலிப்பருக்கு வரும் இரும்புக் குழாயின் நட் துருவில் இறுகியிருக்கும். சாதாரண ஸ்பேனர் அதன் முனையை உருட்டிவிடும். குழாய் நட்டுக்கென்று உள்ள ஸ்பேனரைத் தேடிப் பிடியுங்கள். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் அப்போதே அளந்துவிடுங்கள்.

எண்ணெயை மட்டும் மலிவாக நினைக்காதீர்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்தத் தர அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். பிடித்துக்கொண்ட பிரேக்கின் சூட்டில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும். ஹோஸ் இரண்டும் மாற்றிய கையோடு முழு எண்ணெயையும் மாற்றினோம். வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தோம். அப்புறம் பாரமில்லாமல், மெதுவாகப் போய்ப் போய் நிறுத்திப் பேட்டைப் பழக்கினோம்.

இப்போது ஒவ்வொரு சவாரி முடிந்ததும் இரண்டு முன்சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், தொடாமல். என் கூட வரும் பையன்களுக்கும் அதைப் பழக்கிவிட்டேன். போன வாரம் உலு திராமிலிருந்து வந்திறங்கியதும், நான் சாவியை எடுப்பதற்குள் சின்னவன் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே சூடுதான் அண்ணே" என்றான்.